பிபி மாத்திரை: எழுந்தா தலை சுத்துது, நிறுத்திடலாமா?

காவிரிக்கரை_வேலு
வணக்கம். அம்மாவுக்கு 71 வயசு. ரொம்ப வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறாங்க. சர்க்கரை கிடையாது. கொஞ்ச நாளாவே காலைல கட்டில்ல இருந்து எழுந்தா தலை சுத்துதுங்கறாங்க. நேத்து ராத்திரி பாத்ரூம் போறப்போ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நல்லவேளை, விழல. வீட்டு மெஷின்ல 106/62 காட்டுது. அக்கா, மாத்திரையை நிறுத்துங்கறா. மாமா, “நிறுத்தினா பக்கவாதம் வந்துடும், கையை வைக்காதே”ங்கறார். நான் சென்னைல இருக்கேன், அம்மா கும்பகோணத்துல. டாக்டரைப் பார்க்க திங்கக்கிழமைதான் நேரம் கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் என்ன பண்றது?

ஈரோட்டான்
கத்திரி வெயில் சார். எங்கப்பாவுக்கும் மே மாசம் ஆனா இதே கதைதான். நிறைய மோர் குடுங்க, சரியாப் போயிடும்.

மருந்தாளுநர்_கனி
மோரை மட்டும் நம்பி விட்டுடாதீங்க. வேலு சார், “பிபி மாத்திரை”ன்னு நீங்க சொல்றதை வெச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தப் பேர்ல குணத்துல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அரை டஜன் வகை இருக்கு. சிலது ஒரு வேளை விட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. சிலதைச் சட்டுனு நிறுத்தினா நெஞ்சுவலியில கொண்டு போய் விடும்.

அம்மாகிட்ட இருக்கிற எல்லா அட்டையையும் மேஜையில கொட்டச் சொல்லுங்க. பிபிக்கு மட்டும் இல்ல. மூட்டு வலி, வாயு, தூக்கம், கஷாயப் பொடி, தெருமுனைக் கடையில வாங்கின சளி மாத்திரை வரைக்கும் எல்லாம். கொட்டை எழுத்துல இருக்கிற கம்பெனிப் பேரை விட்டுடுங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல உள்ளே இருக்கிற மருந்துப் பேரும் மில்லிகிராமும் இருக்கும். அதை அப்படியே இங்க எழுதுங்க.

ரோஜா_சிஸ்டர்
தம்பி, அது வர்றதுக்குள்ள இன்னொண்ணு பண்ணுங்க. 106/62ங்கறது எப்போ, எப்படி எடுத்தது? அம்மாவை அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு ஒரு தடவை, எழுந்து நின்னதும் ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணாவது நிமிஷத்துல ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க. நிக்கும்போது பக்கத்துல ஆள் இருக்கணும். மேல் நம்பர் 20 இறங்கினாலோ, கீழ் நம்பர் 10 இறங்கினாலோ, நிக்கும்போது பிபி விழுதுன்னு அர்த்தம். உக்கார வெச்சு மட்டும் எடுத்தா இது தெரியவே தெரியாது. வார்டுல வயசானவங்க இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தா, அட்மிஷன் நோட்ல பாதிப் பேருக்கு “ராத்திரி பாத்ரூம் போகும்போது”ன்னுதான் எழுதியிருக்கும்.

கை மெஷின்தானே? மணிக்கட்டுல கட்டுறதா இருந்தா அந்த நம்பரை ரொம்ப நம்பாதீங்க. ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுத்துறாங்களான்னும் பாருங்க. நிறைய வீட்டுல அப்படித்தான் நடக்குது.

கதிர்_இயற்கை
இதுக்குத்தான் நான் படிச்சுப் படிச்சு சொல்றேன். ஒரு தடவை அந்த மாத்திரையைத் தொட்டா ஆயுசுக்கும் அடிமை. எங்க தாத்தா சர்ப்பகந்தா வேர்ப்பொடியிலேயே 90 வயசு வரைக்கும் இருந்தார். பக்கவிளைவு கிடையாது. அம்மாவை மெதுவா இயற்கை வழிக்குக் கொண்டு வாங்க.

காவிரிக்கரை_வேலு
அக்கா வீடியோ கால்ல ஒவ்வொரு அட்டையா காட்டினா. நான் எழுதிக்கிட்டது இதுதான்:

காலைல: டெல்மிசார்ட்டன் 40 + அம்லோடிபின் 5. இது பழைய டாக்டர் எழுதினது, பல வருஷமா போறது.
ராத்திரி: டெல்மிசார்ட்டன் 40 + குளோர்தலிடோன் 12.5. போன மாசம் அக்கா ஊர்ல ஒரு கிளினிக்ல பிபி அதிகம்னு எழுதிக் குடுத்தது.
காலை, ராத்திரி ரெண்டு வேளையும்: அசிக்ளோஃபெனாக் + பாராசிட்டமால். மூட்டு வலிக்கு. அதுவும் அக்கா வீட்டுல இருந்தப்போ வாங்கினதுதான்.
வெறும் வயித்துல: பான்டோபிரசோல்.

சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரியும் எடுத்தாச்சு. படுத்து 118/66, நின்னதும் 94/58. அம்மா உடனே உக்காந்துட்டாங்க, மூணாவது தடவை எடுக்க முடியல.

மருந்தாளுநர்_கனி
வேலு சார், திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. பழைய டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க. கிடைக்கலைன்னா இன்னைக்கே கும்பகோணம் ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், அப்புறம் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற யூரியா, கிரியாட்டினின் நாலையும் பார்க்கணும். அட்டைகளையும் கையோட எடுத்துட்டுப் போகட்டும்.

காரணம் சொல்றேன். ரெண்டு அட்டைக்கும் கலர் வேற, பேர் வேற. ஆனா ரெண்டுலயும் டெல்மிசார்ட்டன் இருக்கு. ஒரு நாளைக்கு 80 மி.கி. போகுது. அந்த மருந்தோட உச்ச அளவே அதுதான். புது டாக்டர் பழைய அட்டைக்குப் பதிலா இதை எழுதியிருக்கலாம். அதை அம்மாகிட்ட யாரும் தெளிவாச் சொன்ன மாதிரி தெரியல. கடைக்கு வர்றவங்ககிட்ட நான் தினமும் பார்க்கிறது இது. அட்டையில பேருக்குப் பின்னாடி ஏஎம்னு இருந்தா அம்லோடிபின் சேர்ந்திருக்கு, எச்னு இருந்தா ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கு, ஏஎம்எச் மூணும். ஒரு வீட்டுல ஏஎம் ஒண்ணு, எச் ஒண்ணு, தனியா அம்லோடிபின் ஒண்ணு எல்லாம் ஒரே டப்பாவுல கிடக்கும்.

அடுத்தது குளோர்தலிடோன். நம்ம ஊர்ல தண்ணி மாத்திரைன்னு சொல்றோமே, அந்த வகை. நல்ல மருந்துதான், விலையும் கம்மி. ஆனா ஒல்லியான வயசான அம்மாக்களுக்கு ரத்தத்துல சோடியத்தை இறக்கிடும். ஆரம்பிச்ச முதல் சில வாரத்துலயே இறங்கலாம். சோர்வு, தலைச்சுத்தல், பேச்சுல ஒரு குழப்பம், அப்புறம் விழுறது. அதை ராத்திரி வேற குடுத்திருக்காங்க. ராத்திரி போட்டா எழுந்து எழுந்து பாத்ரூம் போகணும். இந்த மாத்திரையைக் காலைல போடுறதுதான் வழக்கம்.

மூணாவதுதான் எனக்குப் பெரிய கவலை. வலி மாத்திரை. கிட்னியோட வடிகட்டிக்குள்ள வர்ற ரத்தக்குழாயை அதுல இருக்கிற அசிக்ளோஃபெனாக் சுருக்கும். வெளியே போற குழாயை டெல்மிசார்ட்டன் மாதிரி சார்ட்டன் வகை மருந்து தளர்த்தும். உடம்புல ஓடுற தண்ணியையே தண்ணி மாத்திரை குறைக்கும். மூணும் ஒரே நேரத்துல நடந்தா வடிகட்டுறதுக்கு அழுத்தமே இருக்காது. கூடவே ஈரோட்டான் சொன்ன வெயில் வேற. இதுல ஒவ்வொண்ணும் தனித்தனியா லட்சக்கணக்கான பேர் நிம்மதியா சாப்பிடுற மருந்து. சேர்ந்துதான் ஆபத்து. இதுல இன்னொரு கூத்து, வலி மாத்திரையே பிபியை ஏத்தும். அக்கா வீட்டுல பிபி அதிகம்னு வந்ததே அதனாலயா இருக்கலாம். எந்த மாத்திரை முதல்ல வந்ததுன்னு டாக்டர்கிட்ட தேதியோட சொல்லுங்க.

எதை நிறுத்தணும், எதை வெச்சுக்கணும்னு நான் இங்க சொல்ல மாட்டேன். அதை போன்ல டாக்டர் சொல்லணும்.

காவிரிக்கரை_வேலு
ரொம்ப நன்றி மேடம். அக்கா ஆட்டோ பிடிச்சுட்டா. வந்து சொல்றேன்.

ரோஜா_சிஸ்டர்
கதிர் தம்பி, சர்ப்பகந்தாவுக்குப் பக்கவிளைவு இல்லைன்னு யார் சொன்னா? அந்த வேர் வேலை செய்யும், அதை மறுக்கல. பம்பாய்ல ருஸ்தம் ஜால் வகீல்னு ஒரு இதய டாக்டர் தன் நோயாளிகளுக்கு அதைக் குடுத்துப் பார்த்து 1949ல பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல எழுதினப்புறம்தான் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. 1952ல அதுலருந்து ரெசர்பைனைப் பிரிச்செடுத்தாங்க. மாத்திரையா வந்து நாங்களே வார்டுல குடுத்திருக்கோம். மூக்கடைப்பு வரும், மனசு சோர்ந்து போகும், சில பேர் யார்கூடவும் பேசாம சுவரைப் பார்த்துப் படுத்துடுவாங்க. அதனாலதான் அது பின்னாடி போயிடுச்சு. வேர்ப்பொடியில உள்ளே எவ்வளவு இருக்குன்னும் தெரியாது. ஏற்கனவே ரெண்டு மாத்திரை போடுற அம்மாவுக்கு அதையும் சேர்த்தா பிபி எங்க போய் நிக்கும்?

இன்னொண்ணு, அதிமதுரம். தொண்டைக்கு நல்லதுன்னு தினமும் கஷாயத்துல போடுறாங்க. அது பொட்டாசியத்தை இறக்கி பிபியை ஏத்தும். எப்பவாவது ஒரு துண்டு மென்னா பரவாயில்ல. பிபிக்காரங்க மாசக்கணக்குல குடிக்கக் கூடாது.

கதிர்_இயற்கை
ரெசர்பைன் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா உப்பைக் குறைச்சு, நடந்து, எடையைக் குறைச்சவங்களுக்கு மாத்திரை குறைஞ்சிருக்கே. அதை ஏன் எந்த டாக்டரும் சொல்றதில்ல?

மருந்தாளுநர்_கனி
குறையும். அது நிஜம். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள இருக்கச் சொல்லுது. ஒரு தேக்கரண்டிதான். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் இருக்கிற சாப்பாட்டுல அது மத்தியானத்துக்குள்ளயே தாண்டிடும். குறைச்சவங்களுக்கு டாக்டரே பார்த்து அளவை இறக்குவார். மாத்திரையை முதல்ல விட்டுட்டு அப்புறம் நடக்க ஆரம்பிக்கிறவங்களைப் பத்திதான் எனக்குப் பயம்.

களப்பணி_மலர்
நான் மக்களைத் தேடி மருத்துவத்துல இருக்கேன். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. வீட்டுக்கே போய் பிபி பார்த்து மாத்திரை குடுப்போம். எங்களுக்குத் தலைவலியே “இப்ப நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்”னு சொல்றவங்கதான். நார்மலானதே மாத்திரையாலதான்னு சொன்னா சிரிப்பாங்க. டப்பாவைத் திறந்தா போன மாசத்து அட்டை அப்படியே இருக்கும். இதுல ஒரு வேடிக்கை, நாங்க வர்ற அன்னைக்கு மட்டும் காலைல ஞாபகமா ஒண்ணு போட்டுக்குவாங்க. இன்னும் சிலர் ரெண்டு நாள் விட்டதுக்குச் சேர்த்து மூணா போடுவாங்க. அது இன்னும் மோசம். விட்டது விட்டதுதான், அடுத்த வேளைக்கு ஒண்ணு மட்டும் போடுங்கன்னு சொல்லி வாய் வலிக்குது.

மாத்திரையை எங்க வெக்கிறாங்கன்னும் பாருங்க. அடுப்பு மேடை, டிவி மேல, ஜன்னல் விளிம்பு. முக்கால்வாசி அட்டையில 30 டிகிரிக்குக் கீழ வைக்கணும்னு போட்டிருக்கும். நம்ம ஊர் மே மாசத்துல அலமாரிக்கு உள்ளதான் வெக்கணும்.

பயணி_மதுரை
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு மெட்டோப்ரோலால் 50. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த இடத்துல மாத்திரை தீர்ந்து போச்சு. நேத்தும் இன்னைக்கும் போடல. நெஞ்சு கொஞ்சம் படபடங்குது. கல்யாண டென்ஷன்தானே?

மருந்தாளுநர்_கனி
டென்ஷன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஆரம்பத்துல சட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேனே, இந்த வகைதான். மெட்டோப்ரோலால், அட்டெனலால் எல்லாம் இதயத் துடிப்பை அடக்கி வெச்சிருக்கும். திடீர்னு விட்டா துடிப்பும் பிபியும் முன்னாடி இருந்ததை விட அதிகமா எகிறலாம். இதயத்துல ஏற்கனவே அடைப்பு இருந்தா மாரடைப்பு வரைக்கும் போகும். நிறுத்தணும்னாலே டாக்டர் ஒரு ரெண்டு வாரம் அளவைப் படிப்படியா இறக்கித்தான் நிறுத்துவார். குளோனிடினும் இப்படித்தான், இதை விட முரடு. மண்டபத்துக்குப் பக்கத்துல எந்த டாக்டர் இருந்தாலும் இன்னைக்கே போய் பழைய சீட்டைக் காட்டுங்க. போன்ல போட்டோ இருந்தாலும் போதும். ரெண்டா சேர்த்துப் போட்டுடாதீங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தா நேரா 108.

அட்டையில எக்ஸ்எல், ஈஆர்னு இருந்தா நாள் பூரா மெதுவாக் கரையுற மாத்திரை. பொடிச்சுச் சாப்பிடக் கூடாது, மெல்லவும் கூடாது. நடுவுல கோடு போட்டிருந்தா பாதியா உடைக்கலாம், அவ்வளவுதான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவரா இருந்தா இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். சர்க்கரை இறங்கும்போது வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைச்சுடும். வேர்க்கிறது மட்டும் மிஞ்சும். காரணமில்லாம வேர்த்தா சர்க்கரையைப் பாருங்க.

சலீமா_நாகூர்
வாப்பாவுக்கு அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் காலைல. நோன்பு சமயத்துல இஃப்தாருக்கு மாத்தினா மருந்து வேலை செய்யாதுன்னு ஒருத்தர் பயமுறுத்திட்டார்.

ரோஜா_சிஸ்டர்
ஒரு வேளை மருந்துதானே, மாத்தலாம்மா. காலைல போட்டவங்களையும் சாயங்காலம் போட்டவங்களையும் பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல பல வருஷம் பின்தொடர்ந்து 2022ல முடிவு சொன்னாங்க. மாரடைப்பு, பக்கவாதம் ரெண்டுலயும் வித்தியாசம் இல்ல. தினம் ஒரே நேரத்துல போடுறதுதான் முக்கியம். தண்ணி மாத்திரை இருந்தாத்தான் கதை வேற. பகல் பூரா தண்ணி இல்லாம இருக்கிறப்போ அது வேண்டாத வேலை பண்ணும். நோன்புக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வாந்தி, வயித்துப்போக்கு வந்தாலும் இதே மாதிரிதான். சார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில், தண்ணி மாத்திரை இதெல்லாம் போடுறவங்க அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும். சாப்பாடும் தண்ணியும் வயித்துல தங்குற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

ஈரோட்டான்
அப்பாவுக்கு அம்லோடிபின் 10. சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் வீங்குது. கடைக்காரர் தண்ணி மாத்திரை ஒண்ணு குடுத்தார். போடலாமா?

மருந்தாளுநர்_கனி
வேண்டாம். அம்லோடிபினால வர்ற வீக்கம் உடம்புல தண்ணி கூடினதால வர்றதில்ல. சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சு அங்கேயே கசியுறது. தண்ணி மாத்திரைக்கு அது பெருசா அசையாது. சோடியம்தான் வீணா இறங்கும். ஒரு மாத்திரையோட விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதோட விளைவுக்கு மூணாவதுன்னு போயிக்கிட்டே இருக்கும். 10ஐ 5 ஆக்கினாலோ, கூட சார்ட்டன் சேர்த்தாலோ வீக்கம் குறையும்னு டாக்டருக்குத் தெரியும், போய்க் கேளுங்க. ஒரே கால் மட்டும் வீங்கி வலிச்சா அது இது இல்ல, உடனே காட்டணும்.

ராமிப்ரில், எனலாப்ரில் போடுறவங்களுக்கு வர்ற வறட்டு இருமலும் இதே கதைதான். பாட்டில் பாட்டிலா சிரப் குடிச்சுட்டு வருவாங்க. மாத்திரையை மாத்தினா போயிடும். ஆனா உதடோ நாக்கோ வீங்கினா அது இருமல் மாதிரி கிடையாது, அடுத்த மாத்திரையைத் தொடாம நேரா ஆஸ்பத்திரி.

நிலா_31
கேட்கத் தயக்கமா இருக்கு. எனக்கு டெல்மிசார்ட்டன் 40. குழந்தைக்கு முயற்சி பண்றோம். தொடரலாமா?

ரோஜா_சிஸ்டர்
நல்ல நேரத்துல கேட்டே கண்ணு. கர்ப்பத்துல சார்ட்டன் கூடவே கூடாது, ராமிப்ரில் வகையும் கூடாது. குழந்தையோட கிட்னியையே பாதிக்கும். நீயா நிறுத்திடாதே. இந்த வாரமே டாக்டரைப் பாரு. லேபட்டலால், மெத்தில்டோபா, மெதுவாக் கரையுற நிஃபெடிபின்னு கர்ப்பத்துக்கு ஏத்தது இருக்கு, மாத்திக் குடுப்பாங்க. நாள் தள்ளிப் போயிருந்தா இன்னைக்கே போ.

காவிரிக்கரை_வேலு
எல்லாருக்கும் நன்றி. அம்மாவை ரெண்டு நாள் அட்மிட் பண்ணி இன்னைக்கு அனுப்பிட்டாங்க. சோடியம் 126 இருந்தது, இருக்க வேண்டியது 135க்கு மேல. கிரியாட்டினின் போன வருஷம் 0.9, இப்ப 1.5. தண்ணி மாத்திரையும் வலி மாத்திரையும் இனிமே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. டெல்மிசார்ட்டனை இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கு. அம்லோடிபின் 5 மட்டும். ஒரு வாரம் கழிச்சு ரத்தம் திரும்பப் பார்த்துட்டு, கிரியாட்டினின் இறங்கினா டெல்மிசார்ட்டனைத் திரும்ப ஆரம்பிக்கலாமாம். மூட்டுக்கு பாராசிட்டமாலும் தடவுற ஜெல்லும் பிசியோதெரபியும். டாக்டர் அட்டைகளைப் பார்த்துட்டு, “இதை யார் வரிசைப்படுத்தினது?”ன்னு கேட்டாராம். அக்கா உங்களைத்தான் சொன்னா.

மாமா இப்ப, “சோடியம்தானே குறைஞ்சுது, தட்டுல ரெண்டு சிட்டிகை உப்பு சேர்த்துப் போடு”ங்கறார். சரியா?

மருந்தாளுநர்_கனி
சந்தோஷம் சார். மாமாவோட உப்பு வேண்டாம். உப்பு கம்மியா சாப்பிட்டதால இறங்கின சோடியம் இல்ல இது, மாத்திரை இறக்கினது. மாத்திரை போனா ஏறும். எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருப்பாங்க. சோடியம் இறங்கினவங்களுக்கு அதுதான் முக்கியம், மறக்காம பாருங்க. இளநி, மோர்னு இஷ்டத்துக்கு ஊத்தாதீங்க.

ஈரோட்டான்
என் மோருக்கு வந்த சோதனை 😄

பயணி_மதுரை
நேத்தே டாக்டரைப் பார்த்தேன். ஈசிஜி எடுத்தார், பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை வாங்கிட்டேன். வீட்டுல லோ சோடியம் உப்புன்னு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. அது எல்லாருக்கும் நல்லதா?

மருந்தாளுநர்_கனி
அதுல சோடியத்துல ஒரு பங்கை எடுத்துட்டுப் பொட்டாசியம் குளோரைடு வெச்சிருப்பாங்க. கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு நல்லதுதான். சீனாவுல கிராமம் கிராமமா குடுத்துப் பார்த்து பக்கவாதம் குறைஞ்சதுன்னு 2021ல வெளியாச்சு. 2025 ஜனவரியில உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைச்சது. ஆனா கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், கிட்னி பாதிச்சவங்களுக்கும் அது பொருந்தாதுன்னு அதுலயே சொல்லியிருக்காங்க. சார்ட்டன், ராமிப்ரில் வகை, ஸ்பைரோனோலாக்டோன் போடுறவங்களுக்கு ஏற்கனவே பொட்டாசியம் உடம்புல தங்கும். மேல மேல ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். அவங்க டாக்டரைக் கேட்காம வாங்கக் கூடாது. வேலு சார் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்களுக்கு மெட்டோப்ரோலால் மட்டும்தான்னா, போன ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க.

களப்பணி_மலர்
ஒண்ணு விட்டுப்போச்சு. திடீர்னு 180, 190 காட்டினா நாக்குக்கு அடியில மாத்திரை வெக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. பழைய நிஃபெடிபின் கேப்சூலைக் கிள்ளி வெப்பாங்களே, அது. பிபி தடால்னு விழுந்து பக்கவாதமே வந்திருக்கு. அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வெச்சுத் திரும்ப எடுங்க. அப்பவும் 180/120க்கு மேல இருந்து நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போறது, பார்வை மங்கல் ஏதாவது இருந்தா 108. ஒண்ணும் இல்லைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க. கூட ஒரு மாத்திரை நீங்களா போடாதீங்க.

பயணி_மதுரை
கிரியாட்டினின் 0.8ன்னு போட்டிருக்கு மேடம். மார்ச் மாச ரிப்போர்ட்.

மருந்தாளுநர்_கனி
அப்போ பிரச்சினை இல்ல. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அந்த உப்பையும் சொல்லிடுங்க. புதுசா வேற மாத்திரை எழுதினா அப்பவும் சொல்லணும்.